மறுமுனை பேரிங்

கண்ணாயிரம் வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக ஒரு சிஎன்சி ரூட்டர் கட்டியிருந்தான். மரத்தில் பூவேலை செதுக்கும் எந்திரம். தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த தேவசகாயத்தை அழைத்துவந்து அதன் முன்னால் நிறுத்தினான்.

“பேரிங் கடைக்காரன் மோசம் பண்ணிட்டான் வாத்தியாரே! ஒசத்திச் சரக்குன்னு சத்தியம் பண்ணினான். கொஞ்ச நேரம் வழுக்கிட்டு ஓடுது. அப்புறம் முனகுது, இறுகுது. ஒரு தேக்குக் கதவே பாழாப்போச்சு.”

“யார் மாட்டினது?”

“என் தங்கச்சி மாப்பிள்ளை தணிகாசலம். மோட்டார் சுத்துற திருகுதண்டுல இந்த முனை பேரிங்கை ஒழுங்கா இறுக்கினான். அந்த முனையை அப்படியே விட்டுட்டான். விரலால தள்ளினா பேரிங் நகருது! ஆட்கள் முன்னாலயே கிழிச்சுட்டேன். ஏதோ சொல்ல வந்தான். வாயை மூடுய்யான்னேன். போயிட்டான். தங்கச்சியும் என் போனை எடுக்கறதில்லை.”

“வீட்டு மாப்பிள்ளையையா?”

“எங்க போயிடுவான்? வருவான். நானே அந்தப் பேரிங் நகராம வளையம் போட்டு ரெண்டு முனையையும் இறுக்கிட்டேன்.”

வாத்தியார் எந்திரத்தை ஓட்டச் சொன்னார். டீ வந்தது. குடித்தார். ஆறிய டம்ளரைக் கீழே வைத்தபோது பேரிங் முனகத் தொடங்கியது. கண்ணாயிரம் பாய்ந்து மோட்டாரை நிறுத்தினான்.

“தண்டைத் தொடு.”

தொட்டவன் கையை உதறினான்.

“சூடான இரும்பு நீளும். இந்தப் பக்கமும் அடைச்சே, அந்தப் பக்கமும் அடைச்சே. அது எங்க போகும்?”

கண்ணாயிரம் குனிந்து பார்த்தான். தண்டு நடுவில் லேசாக வளைந்திருந்தது. ஸ்பானரை எடுத்து மறுமுனை வளையத்தைக் கழற்றினான். பேரிங் தானாக ஒரு மயிரிழை நகர்ந்தது, தண்டு நிமிர்ந்தது. மறுபடி ஓட்டினான். முனகல் இல்லை.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“இதுக்காகத்தான் விட்டானா? அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே! வாயில என்ன கொழுக்கட்டையா?”

வாத்தியாரின் குரல் அன்று முதல்முறையாக உயர்ந்தது.

“பேரிங் முனகினதும் என்னடா பண்ணினே?”

“ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன்.”

“எதுக்கு?”

“என்னன்னு பார்க்கத்தான்.”

“அவன் வாயைத் திறந்தப்போ?”

கண்ணாயிரம் ஸ்பானரை வைத்தான். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.