பதினோரு தடவை போட்ட சர்வர்

குரு என்றதும், கண்ணை மூடிப் புன்னகையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரை யாராவது நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. ஹஸீனாவுக்கு முப்பத்துமூன்று வயது. தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் டேட்டாபேஸ் சொல்லிக்கொடுத்தாள். முன்கோபக்காரி.

அவளுடைய சீடர் ஐயம்பெருமாளுக்கு ஐம்பத்தாறு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ரத்ததானக் குழு ஒன்றை நடத்திவந்தார். அவரும் முன்கோபக்காரர். நானும் அந்த வகுப்பில் படித்தவன் என்பதால் இரண்டு பேரின் கோபத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். திரையில் எந்தப் பெட்டி வந்தாலும் அதில் உள்ளதை நோட்டில் எழுத வேண்டும். அதன் கீழே தமிழில் அர்த்தம் எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் மவுஸில் கை வைக்கலாம். நாங்களெல்லாம் இரண்டாவது, மூன்றாவது நோட்டில் இருந்தோம். மூன்று மாதம் கழித்தும் ஐயம்பெருமாளின் நோட்டில் அவர் பெயர் மட்டுமே இருந்தது.

"ஒரு வரிகூட எழுதலையே, அண்ணாச்சி."

"கிரேன் மேல நின்னுக்கிட்டு நோட்டா எழுதுனோம்? கை பழகிட்டா போதும், டீச்சர்."

ஒரு வியாழக்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும். கம்ப்யூட்டர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் படியேறி வந்தார். பின்னால் வயர் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. பெட்டியை மேசையில் வைத்த சத்தத்தில் நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"ஃபார்மட் பண்ணுங்க."

"உக்காருங்க, அண்ணாச்சி."

"உக்கார நேரமில்ல. மூணு மணிக்கு ஆபரேஷன்."

ஆஸ்பத்திரியில் செண்பகம் என்று ஒரு பெண். நேற்றுப் பிரசவம் ஆனது. குழந்தை நன்றாக இருக்கிறது, தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை. யார் யாருக்கு ஓ நெகட்டிவ் என்ற விவரம் குழுவின் பட்டியலில் இருந்தது. பட்டியலைக் கவனித்துவந்த பிரான்சிஸ் போன மாதம் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். இப்போது நடுக்கடலில் இருக்கிறான், போன் எடுக்காது.

கிளம்புவதற்கு முந்தின நாள் பிரான்சிஸ்தான் பட்டியல் இருந்த இந்தக் கம்ப்யூட்டரை ஐயம்பெருமாள் வீட்டில் கொண்டுவந்து வைத்தான். ஏதோ விளக்க ஆரம்பித்தான். "சரி சரி, நான் பாத்துக்கிடுதேன், நீ கெளம்பு" என்று அனுப்பிவைத்துவிட்டார். இதை அவரே எங்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"சர்வர் இருந்தாத்தான் லிஸ்ட் தெறக்கும். நேத்து சாயங்காலத்துலேர்ந்து பத்து தடவ போட்டுட்டேன். கடைசிப் படியில நின்னுருது. அழிச்சிட்டுத் திரும்பவும் போட்டா, திரும்பவும் நின்னுருது."

"நிக்கும்போது என்ன சொல்லுது?"

"எர்ரர்னு சொல்லுது."

"அது தலைப்பு. கீழ என்ன சொல்லுது?"

"எர்ரர்னு வந்த பொறவு கீழ என்னத்தப் பாக்க?"

ஹஸீனா பேனாவை மேசையில் வைத்தாள். அவள் பேனாவைக் கீழே வைத்தால் திட்டு வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும். அதற்குள் அவருடைய போன் அடித்தது. பெயர் இல்லாத ஏதோ நம்பர். அவர் போனில் எப்போதும் ஸ்பீக்கர் போட்டிருக்கும்.

"அண்ணாச்சி, நான் அன்னைக்கு வர முடியாதுன்னு சொன்னேன்லா..."

"வர முடியாதவனெல்லாம் எதுக்குவே போன் பண்ணுதீரு? வையும்."

வைத்துவிட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"காலைலேர்ந்து இதே கததான் டீச்சர். குரூப்புல மெசேஜ் போட்டாச்சு, முப்பது பேருக்குப் போனும் போட்டாச்சு. ஊர்ல இல்ல, காய்ச்சல், பொண்டாட்டி விடமாட்டா. இவன் ஒருத்தன் தானாக் கூப்பிட்டு வர முடியாதுங்கான்."

"அவர் இன்னும் சொல்லி முடிக்கலையே."

"முடிச்சாலும் அதத்தான் சொல்லுவான். நீங்க ஃபார்மட் பண்ணுங்க. இந்தச் சனியன மொத்தமா அழிச்சிட்டுப் புதுசாப் போடுவோம்."

"அழிச்சா லிஸ்டும் சேந்து போயிரும்."

அவர் அதை யோசிக்கவே இல்லை. கை பழகியவருக்கு யோசிக்க என்ன இருக்கிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பம் என்ன செய்ய?" என்றார்.

"பதினொண்ணாவது தடவ போடுங்க. நான் பாக்கேன்."

பெட்டிக்கு மானிட்டர் மாட்டினாள். அவர் உட்கார்ந்து போடத் தொடங்கினார். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தபோது போன் மறுபடியும் அடித்தது. அதே நம்பர்.

"அண்ணாச்சி, வச்சிராதிய, நான் இங்க..."

"வேலையா இருக்கேன்வே." வைத்துவிட்டார்.

எனக்கே அந்தப் போனைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீச வேண்டும் போல் இருந்தது. கோடு கடைசிக்கு வந்தது. திரையில் பெட்டி வந்தது. நான் முதல் வார்த்தையைப் படிப்பதற்குள் அவர் ஓகே அழுத்தி மூடிவிட்டார்.

"பாத்தியளா, டீச்சர்? இதேதான், நேத்து முழுக்க..."

"சரி" என்றாள் ஹஸீனா. எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

"என்ன சரி? அந்தப் புள்ள அங்க..."

"சரி."

"இல்ல, நான் சொல்லுதது..."

"சரி."

ஒரு துணியை எடுத்து, பக்கத்துக் கம்ப்யூட்டரின் திரையைத் துடைக்க ஆரம்பித்தாள். ஐயம்பெருமாள் கீபோர்டில் ஓங்கி ஒரு அறை விட்டார். ஒரு பட்டன் பிய்ந்து என் காலடியில் வந்து விழுந்தது.

"நீங்கள்லாம் ஒரு மனுஷியா? அங்க ஒரு உயிரு ஊசலாடிக்கிட்டு இருக்கு. நான் வாயத் தெறக்குமுன்ன சரி சரின்னு மூடுதிய. என்ன சொல்ல வாரேன்னு கேட்டாத்தான என்ன செய்யணும்னு தெரியும்?"

ஹஸீனா திரும்பினாள். அவள் முகமும் சிவந்திருந்தது. அது நடிப்பில்லை, அவளுக்கு நிஜமாகவே கோபம்.

"பதினோரு தடவையா அது உங்ககிட்ட அதத்தான கேட்டுக்கிட்டு இருக்கு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். அவள் அவருடைய நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"மறுபடியும் போடுங்க."

போட்டார். பெட்டி வந்தது. அவர் வலது கை மவுஸை நோக்கிப் போனது. இடது கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்தார். இங்கிலீஷை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினார். கீழே தமிழ் எழுதும்போது இரண்டு இடத்தில் என்னிடம் அர்த்தம் கேட்டார். போர்ட் என்றால் இங்கே துறைமுகம் இல்லை, கம்ப்யூட்டருக்குள் போய்வரும் நம்பர் போட்ட வாசல் என்றேன். எழுதி முடித்ததை உரக்கப் படித்தார்.

"இந்த நம்பர் வாசலில் ஏற்கெனவே ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது."

இன்னொரு தடவை, சத்தம் இல்லாமல் படித்தார்.

"ஏற்கெனவே ஓடுதா?"

"ஓடுது."

"யாரு போட்டது?"

"பிரான்சிஸ்தான். அன்னைக்கு உங்க வீட்டுல அதத்தான் சொல்ல ஆரம்பிச்சிருப்பாரு."

"அப்பம் நான் நேத்திலேர்ந்து..."

"உள்ள ஆளு இருக்கிற வீட்டுக்கு ஆள் தேடிக்கிட்டு இருந்திய."

"பாஸ்வேர்ட்?"

ஹஸீனா கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டைக் காட்டினாள். ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்திரித் துண்டு ஒன்று அங்கே ஒட்டியிருந்தது. அதில் பிரான்சிஸின் கையெழுத்தில் பெயரும் பாஸ்வேர்டும் அழகாக எழுதியிருந்தது.

"ஏதோ கீறல் விழுந்த எடத்துல ஒட்டியிருக்கான்னு நெனைச்சேன்" என்றார் ஐயம்பெருமாள். அந்தப் பெட்டியை மாடி வரைக்கும் அணைத்துக்கொண்டு வந்தவர் அவர்.

பட்டியல் திறந்தது. ஓ நெகட்டிவ் என்று கேட்டதும் மூன்று பெயர் வந்தது. முதல் பெயர் பிரான்சிஸ். இரண்டாவது ஆள் கல்யாணமாகிக் கனடா போய்விட்டாள். மூன்றாவது இசக்கிராஜ், உப்பளத்தில் வேலை பார்க்கிறவன்.

"இவனா? போன வருஷம் இப்படித்தான் ஒரு அவசரம். கூப்பிட்டா வர முடியாதுன்னுட்டான். நல்லா ஏசிட்டு நம்பரையும் அழிச்சிட்டேன்."

சொல்லிக்கொண்டே திரையில் இருந்த நம்பரைப் போனில் அடித்தார். ஐந்தாவது எண்ணுக்கு மேல் அவர் அடிக்கத் தேவைப்படவில்லை. மீதி எண்கள் தானாகவே கீழே வந்து நின்றன. இன்று இரண்டு அழைப்பு என்றும் காட்டியது.

மணி பன்னிரண்டரை. அவர் கட்டைவிரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே அப்படியே நின்றது.

"டீச்சர், எடுத்தான்னா என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாதிய."

மூன்றாவது மணியில் இசக்கிராஜ் எடுத்தான். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"வச்சிராதிய. ஆஸ்பத்திரி வாசல்ல பதினோரு மணிலேர்ந்து வெயில்ல நிக்கேன். ஆஸ்பத்திரியில ஓ நெகட்டிவ் அவசரம்னு மட்டும் குரூப்புல மெசேஜ் போட்டிருக்கிய, ஆளு பேரு போட வேண்டாமா? யாருக்குன்னு பேரு சொன்னாத்தான் ரத்தம் எடுப்பாவளாம். பேரக் கேக்கத்தான் ரெண்டு தடவ கூப்பிட்டேன். அன்னைக்கும் இப்படித்தான் செஞ்சிய. வர முடியாதுன்னு சொன்னேன், ஏன்னு சொல்ல விட்டியளா? அன்னைக்கு எங்கம்மைக்குக் காரியம். தல மொட்டையோட நின்னுக்கிட்டு உங்க ஏச்சக் கேட்டேன்."

ஐயம்பெருமாள் வாயைத் திறந்தார், மூடினார்.

"அண்ணாச்சி? லைன்ல இருக்கியளா?"

"இருக்கேன்."

"பேரச் சொல்லுங்க."

"செண்பகம். மூணாம் வார்டு, ஒம்பதாம் கட்டில்."

"சரி."

"இசக்கி, அன்னைக்கு நான் உன்னய..."

"சரி சரி, அண்ணாச்சி." வைத்துவிட்டான்.

அவர் போனைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு நேரம் வந்தது, நாங்கள் டப்பாவைத் திறந்தோம். அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டே முக்காலுக்குச் செண்பகத்தின் கணவன் கூப்பிட்டான். ரத்தம் கிடைத்துவிட்டது, உள்ளே கொண்டுபோகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தவன் அழுதுவிட்டான். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பிள்ளை பிறந்த நேரத்தைச் சொன்னான், எடையைச் சொன்னான். ஐயம்பெருமாள் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. அவனாக வைக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு கீழே கிடந்த கீபோர்டுப் பட்டனை எடுத்து, அதன் இடத்தில் வைத்து அழுத்தினார். அது நிற்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். உள்ளே இருந்த கோபம் அப்போதுதான் வெளியே வந்தது.

"சரி சரின்னு வச்சிட்டான் டீச்சர். மன்னிப்புக் கேக்கத்தான வாயத் தெறந்தேன். நான் சொல்ல வந்தத அவன் கேக்கவே இல்ல."

ஹஸீனா அடுத்த மாணவரின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"ஒரு தடவதான ஆச்சு" என்றாள். "இன்னும் பத்து தடவ இருக்கு, அண்ணாச்சி."