தார்ப்பாய்க்குள் இருந்த விஞ்ச்

தாண்டிக்குடி மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த எஸ்தர் அம்மாளின் ஜீப், மழையில் பாதை கெட்டால் மட்டுமே கொட்டகையை விட்டு வெளியே வரும். சேற்றில் சிக்கினால் கம்பிவடத்தால் இழுத்தெடுக்க, ஜீப் முகப்பில் மாட்டும் ஒரு விஞ்ச் வேண்டுமென்று அவர் சொல்லியனுப்பினார். வண்டிச் சாமான் கடைக்காரர் விக்டர், யானையையே இழுக்கும் என்று ஒரு பெரிய மின்சார விஞ்சோடு தன் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"இதைவிடச் சின்னதை நம்பி மலையேறினா உயிருக்கு உத்தரவாதமில்லைம்மா."

எஸ்தர் அம்மாளின் டிரைவர் சடையனுக்கு அந்தப் பேச்சே உறுத்தியது. விக்டரின் ஜீப் முகப்பை மட்டும் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது இன்னும் உறுத்தியது.

"சின்னது போதாதுங்களா?" என்றான்.

"போதும்னு இப்பவே நிரூபி பார்ப்போம்!" என்று சீறினார் விக்டர்.

"நிரூபி, இல்லேன்னா வேற வேலை தேடிக்கோ," என்றார் எஸ்தர் அம்மாளும்.

சடையன் கையைக் கட்டிக்கொண்டான். "நான் என்னத்தைக் கண்டேன்மா? சார் தன் உயிருக்கு நம்பி அவர் வண்டியில மாட்டியிருக்கிறதையே நாமளும் மாட்டிக்கலாம்."

எஸ்தர் அம்மாள் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே, கையால் சுற்றி இழுக்கும் குட்டி விஞ்ச் இருந்தது.

விக்டர் தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடப் பார்த்தார். "நான் எப்பவோ ஒரு தடவைதானேம்மா மலைக்கு வர்றேன்..."

"நாங்களும் எப்பவோதான் சார் வண்டியை எடுக்கிறோம்," என்றான் சடையன்.

"சடையா, அதைக் கழற்றி நம்ம வண்டியில மாட்டு," என்றார் எஸ்தர் அம்மாள். "பெருசைச் சார் மாட்டிக்கிட்டுப் பத்திரமா இறங்கட்டும்."