ஊமையன் இன்ஜினும் ஒரு அண்டாத் தண்ணீரும்

"இன்னும் எவ்வளவு கனமா செய்யணும் அம்மா? அதை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

கேட்டவர் வைத்தமாநிதி. மலையடிவார ரயில் பட்டறையின் தலைமை இன்ஜினியர், வயது ஐம்பத்திரண்டு. பட்டறைக்குப் பின்னால் ஒரு சின்ன மடம். அதன் தலைவி உமையாள் அம்மையிடம்தான் கேட்டார். அம்மை அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். அதனால் என்ன, குரு குருதான்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதை?"

"ராடை."

மின்சாரத்தில் ஓடும் இன்ஜின் அந்த மலைப் பாதைக்குப் புதுசு. ஏழு செய்வதாகத் திட்டம், ஒன்றுதான் முடிந்திருந்தது. புகை இல்லை, சீறல் இல்லை, மூச்சிரைப்பு இல்லை என்று பட்டறை ஆட்கள் அந்த வகைக்கே 'ஊமையன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோவது பக்கவாட்டில் ஓடும் ஒரு நீண்ட இரும்புக் கை. அதுதான் ராடு.

இருபத்தெட்டு மைல் வேகம் வரை ஊமையன் பரம சாது. முப்பதைத் தொட்டால் போதும், பேய் பிடித்த மாதிரி உதறுவான்.

"முதல்ல ரெண்டரை அங்குலம். முறிஞ்சுது. மூணு ஆக்கினேன். முறிஞ்சுது. மூணே முக்கால் ஆக்கினேன்."

"முறிஞ்சுதா?"

"ராடு தாங்கிச்சு," என்றார் அவர். "அச்சு முறிஞ்சுது."

அம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்கம்மா, வயிறு எரியுது. அடுத்த மாசம் பத்தாம் தேதி மேலிடத்து ஆட்கள் முன்னாடி கடைசி ஓட்டம். இன்னொரு தடவை முறிஞ்சா பட்டறையையே பூட்டிடுவாங்க. முன்னூறு குடும்பம். எனக்குச் சோறு இறங்கல."

அம்மை கீரைக் கட்டைத் தள்ளி வைத்தாள்.

"கிணத்துலேர்ந்து தண்ணி வரணும். தூக்க ஒரு ஆள் குறையுது."

"நான் வேற ஒண்ணு கேட்டேன்."

"நானும் வேற ஒண்ணுதான் கேக்கறேன்."

கிணற்றடியில் அண்டாவை நிரப்பிவிட்டு ஒருவன் நின்றுகொண்டிருந்தான். வைத்தமாநிதிக்கு முகம் சுருங்கியது. சவரியப்பன்! இரண்டு மாதத்துக்கு முன் அவரே வேலையைவிட்டு அனுப்பிய ஃபிட்டர். முறிந்த ராடைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், தடிமனாக்கறதுல பிரயோஜனம் இல்ல..." என்று ஆரம்பித்தவன். "முடுக்கறது உன் வேலை, யோசிக்கறது என் வேலை" என்று அவர் கத்த, அவன் ஏதோ பதில் பேச, அன்றோடு சரி. இப்போது மடத்தில் தண்ணீர் தூக்கிப் பிழைக்கிறான்.

"இவனோடயா?"

"அண்டாவுக்கு ரெண்டு பக்கம் இருக்கே," என்றாள் அம்மை.

அண்டாவைத் தொங்கவிட்டுத் தூக்க ஒரு மூங்கில் கழி கிடந்தது. வைத்தமாநிதி அதன் நடுவில் அழுத்திப் பார்த்தார்.

"வளையுது. இது ஆகாது."

சுவரோரம் சாத்தியிருந்த இரும்புக் குழாயை எடுத்தார். அண்டா ஆடக் கூடாதென்று கயிற்றைக் குறுக்கி, குழாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். சவரியப்பன் அம்மையைப் பார்த்தான். அம்மை தலையாட்டினாள்.

கிணற்றிலிருந்து அடுப்படிக்கு அறுபது காலடி. ஒவ்வொரு அடிக்கும் குழாய் தோளில் இடித்தது. இடித்த இடியெல்லாம் அண்டாவுக்குப் போய், தண்ணீர் எகிறி எகிறி விழுந்தது. அடுப்படி வந்தபோது அண்டாவில் பாதி, இன்ஜினியர் மேல் பாதி.

"இந்தக் குழாய் போதல. இன்னும் கனமா ஒண்ணு..."

வாய் அப்படியே நின்றது.

அம்மை மறுபடி கீரைக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் நடைக்குச் சவரியப்பன் குழாயைக் கழற்றி ஓரமாய்ப் போட்டான். மூங்கிலை எடுத்தான். கயிற்றை நீள விட்டான். தன் துண்டை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டான். கொடியில் காய்ந்த இன்னொரு துண்டை மடித்து இன்ஜினியரின் தோளில் வைத்தான்.

"நடங்க சார். அதும்பாட்டுக்கு விடுங்க."

மூங்கில் தழைந்தது, நிமிர்ந்தது, தழைந்தது. அண்டாவில் தண்ணீர் லேசாக நெளிந்ததோடு சரி. வந்த வழியெல்லாம் தரையில் புதிதாக ஈரமில்லை.

வைத்தமாநிதி இறக்கி வைக்காமல் நின்றார்.

"இவ்வளவு வளையுதே. ஏன்யா முறியல?"

"வளையறதாலதான் சார்."

வைத்தமாநிதி அவன் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு நீ என்னமோ சொல்ல வந்தியே. என்ன அது?"

"நீங்க சொல்ல விடலையே."

"தப்புதான். என் மேலதான் தப்பு, சவரியப்பா. இப்பச் சொல்லு."

அண்டாவை இறக்கினார்கள். சவரியப்பன் மண்ணில் குந்தி விரலால் ஒரு பெரிய வட்டம் போட்டான். நடுவில் ஒரு சின்ன வட்டம்.

"இது மோட்டார் சுத்திவிடற பல்சக்கரம். இது அச்சு. ரெண்டையும் அசையாம இறுக்கிப் பூட்டியிருக்கோம். நடுவுல சுத்திவர ஸ்பிரிங் வச்சுட்டா, உதறலை அது வாங்கிக்கும். ராடு வரைக்கும் போகாது. பழைய ரெண்டரை அங்குல ராடே போதும் சார்."

வைத்தமாநிதியும் ஈரக் கால்சட்டையோடு அவன் எதிரே குந்தினார். அந்த வட்டத்தையே பார்த்தார்.

"அட பாவி, ரெண்டு மாசமா இதை மனசுல வச்சுக்கிட்டா தண்ணி தூக்கினே?"

"நான் எங்க சார் வச்சுக்கிட்டேன்? நீங்கதான் வாங்கிக்கல."

மறுநாள் காலையில் இருவரும் சேர்ந்தே பட்டறைக்குள் நுழைந்தார்கள்.

பத்தாம் தேதி ஊமையன் கிளம்பும் நேரத்தில் மடத்திலிருந்து ஒரு செம்பு வந்தது. விளிம்பு வரை தண்ணீர். சொல்லி அனுப்பியது ஒன்றுமில்லை. சவரியப்பன் அதை வாங்கி இன்ஜினுக்குள் தரையில் வைத்தான்.

இருபது. இருபத்தைந்து. இருபத்தெட்டில் ஓட்டுநர் திரும்பி வைத்தமாநிதியைப் பார்த்தார்.

"போங்க," என்றார் அவர். கண் செம்பைவிட்டு நகரவில்லை.

செம்புத் தண்ணீர் நெளிந்தது. அவ்வளவுதான்.

மேலிடத்துப் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டார்: "முப்பது எப்ப வரும்?"

"அது போயி நாலு மைல் ஆச்சுங்க," என்றார் ஓட்டுநர். "இப்ப முப்பத்தஞ்சு."

வைத்தமாநிதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெருமாளே, பெருமாளே என்று அழுதார். நெஞ்சில் மாதக்கணக்காகக் கிடந்த கல் இறங்கிவிட்டது. சவரியப்பன் அவர் தோளில் கை வைத்தான். அந்தக் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

வண்டி திரும்பி நின்றதும் வைத்தமாநிதி மாலைக்கும் நிற்கவில்லை, மரியாதைக்கும் நிற்கவில்லை. செம்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மடத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். "மெதுவா சார், மெதுவா" என்று சவரியப்பன் பின்னால் ஓடி வந்தான்.

"அம்மா! முப்பத்தஞ்சு மைல்! ஒரு சொட்டு சிந்தல! ஒரு சொட்டு!"

அம்மை எழுந்து வந்து செம்புக்குள் எட்டிப் பார்த்தாள். பாதிதான் இருந்தது. இன்ஜினியரின் சட்டை நெஞ்சிலிருந்து வயிறு வரை நனைந்திருந்தது.

"இன்ஜின் கத்துக்கிச்சு," என்றாள்.