‘சங்கிலிமுத்து’ எப்படிப்பட்ட படம்?

போளூருக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில், ஏழெட்டுப் பேர் மட்டும் இருக்கும் சின்ன ஆசிரமம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் நீலாம்பிகை. நாற்பத்திரண்டு வயது. முன்பு நர்ஸாக வேலை பார்த்தவர். அவரைவிட மூத்தவர்களும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

திருவேங்கடம் அங்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தொன்பது. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த பதினோராம் நாள், எல்லோரும் சமையல்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கும் நேரத்தில், அம்மாவிடம் கேட்டார்.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க.”

“எதைப் பார்த்தாலும் என் மனசு தீர்ப்புச் சொல்லிடுது. சாம்பார் சுமார். மலை பரவாயில்லை. கண்ணை மூடி உட்கார்ந்தா, இன்னிக்குத் தியானம் நேத்து அளவுக்கு இல்லைங்குது. இதை எப்படி நிறுத்துறது?”

“எந்த விஷயத்துல ரொம்ப நல்லாத் தீர்ப்புச் சொல்லும்?”

திருவேங்கடம் நெளிந்தார். “சினிமாவுல. அதுலயும் ஜெயரூபன் படம்னா...”

“எங்கே, கொஞ்சம் சொல்லுங்க.”

கேட்டதே போதும். ஜெயரூபன் நடித்த முப்பத்தாறு படங்களையும் அவர் பார்த்திருந்தார். விமரிசகர் எல்லாம் இல்லை. படம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் டிப்போ நண்பர்களின் வாட்ஸப் குழுவில் நாலு வரி எழுதுவார். அதைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் டிக்கெட் எடுப்பார்கள்.

“‘கல்லணைக்காரன்’ முதல் பாதி தூக்கல், ரெண்டாம் பாதி தூக்கம். ‘ராட்டினக்காரன்’ பாட்டுக்காக ஒரு தடவை பார்க்கலாம். ‘பத்தாவது கொடி’யில பாலத்துலேருந்து குதிப்பார் பாருங்க, அந்த ஒரு சீனுக்கே கொடுத்த காசு செரிச்சுப் போச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். திருவேங்கடத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

ஓரத்தில் ஒரு முக்காலியில் மாசிலாமணி இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். இடுப்பு சரியில்லாததால் தரையில் உட்கார முடியாது. எழுந்தால் கைத்தடி வேண்டும். இடது கையால் கத்திரிக்காய் அரிந்துகொண்டே அவர் கேட்டார்.

“‘சங்கிலிமுத்து’ எப்படி சார்?”

“அதுவா? குப்பை. மாசிலாமணி, முப்பத்தாறுலயும் அதுதான் கடைசி. அதுல வேலை செஞ்சவங்க வெளியில சொல்லிக்கவே வெட்கப்படுவாங்க.”

மாசிலாமணி தலையாட்டிவிட்டு அடுத்த கத்திரிக்காயை எடுத்தார். சமையல்கட்டில் யாரும் பேசவில்லை. ஏன் பேச்சு நின்றது என்று திருவேங்கடத்துக்குப் புரியவில்லை.

அம்மா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“நாளையிலேருந்து மாசிலாமணிக்கு முதுகுலயும் இடுப்புலயும் எண்ணெய் தேய்ச்சு விடுங்க. தேய்ச்சிட்டிருந்தவர் ஊருக்குப் போயிட்டார்.”

“சரிம்மா. என்னோட சந்தேகம்?”

“எண்ணெய் வெதுவெதுன்னு இருக்கணும். கொதிக்கக் கூடாது.”

முதல் நாள் திருவேங்கடத்தின் மனசு, ‘கரடுமுரடான முதுகு’ என்று தீர்ப்புச் சொன்னது. இரண்டாம் நாள், ‘எண்ணெய் வாசம் சகிக்கலை’ என்றது. மூன்றாம் நாள் அவருடைய விரல்கள், தோளுக்குக் கீழே ஒரு நீளமான தழும்பில் தட்டின.

“இது என்ன?”

“‘ராட்டினக்காரன்’ சார்.”

“படமா?”

“ஆமா சார். ஜன்னலை ஒடைச்சினு வெளியில பாயணும். சக்கரைக் கண்ணாடி, மேல பட்டாலும் கீறாதுன்னாங்க. யாரோ மறந்துபோய் நெசக் கண்ணாடியை மாட்டிட்டாங்க.”

“நீங்க எதுக்கு அதுல...”

“ஜெயரூபன் சாருக்கு நான்தானே சார் டூப்பு. பதினாலு வருசம்.”

திருவேங்கடத்தின் கை அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கேட்டார்.

“அப்போ, அந்தப் பாலத்துலேருந்து குதிச்சது?”

“நாலு டேக்கு சார். தண்ணி ஐஸு மாதிரி. மூணாவது டேக்குல பல்லு தந்தியடிக்குது எனக்கு. ஜெயரூபன் சாரே துண்டு எடுத்துனு வந்து தலையைத் தொவட்டி வுட்டாரு. தங்கமான மனுசன்.”

அன்றைக்கு எண்ணெய் தேய்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் அதைவிட அதிகம். திருவேங்கடம் ஒவ்வொரு தழும்பாக விசாரித்தார். மாசிலாமணி முகத்தைக் கீழே வைத்தபடி ஒவ்வொரு படமாகச் சொன்னார். ஒரு படத்துக்கும் கதை தெரியாது அவருக்கு. கதாநாயகி யாரென்று தெரியாது. எத்தனை அடி உயரம், கீழே மெத்தை போட்டார்களா, வைக்கோலா, அன்றைக்கு மத்தியானம் பிரியாணியா, தயிர்சாதமா என்பதெல்லாம் நன்றாகத் தெரியும்.

“நீங்க ஒரு படம்கூடப் பார்த்ததில்லையா?”

“இல்ல சார். ஷூட்டிங்ல எப்பவும், ‘மூஞ்சியைத் திருப்பு, மூஞ்சி தெரியுது’ம்பாங்க. அதே பழகிடுச்சு. தியேட்டர்ல போய் உக்காந்தா எவனாவது கண்டுபுடிச்சிடுவானோன்னு ஒரு கூச்சம்.”

இப்படிப் பத்து நாட்கள் போயின. பதினோராம் நாள் விசாரணை இடுப்புத் தழும்புக்கு வந்தது. எலும்பு ஒரு பக்கம் துருத்திக்கொண்டு, தோல் சுருங்கி, உள்ளே தகடு வைத்துத் தைத்த இடம். இதையும் கேட்டுவிட்டார்.

“இது ‘சங்கிலிமுத்து’ சார்,” என்றார் மாசிலாமணி. “அதான் கடைசிப் படம் எனக்கு.”

சமையல்கட்டில் தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திருவேங்கடத்துக்கு நினைவுக்கு வந்தது.

“நாலாவது மாடி சார். சங்கிலியைப் புடிச்சினு எறங்கணும். கொக்கி நழுவிடுச்சு. ஒன்றரை வருசம் படுக்கை. அம்மா அப்போ அந்த ஆஸ்பத்திரியில நர்ஸு. அவங்கதான் என்னை ஒக்கார வெச்சது, நடக்க வெச்சது எல்லாம்.” தலையைத் திருப்பிப் பார்த்தார். “சார், தப்பா எடுத்துக்காதீங்கோ. அந்தப் படம் நெசமாலுமே அவ்ளோ மோசமா?”

“சேச்சே,” என்றார் திருவேங்கடம். “அன்னிக்குச் சும்மா, எல்லாரும் சிரிக்கணும்னு சொன்னேன். நல்ல படம்தான். ரொம்ப நல்ல படம்.”

மாசிலாமணியின் முகம் மலர்ந்தது. கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“அப்போ பாத்துடலாம் சார். உங்க போன்ல வருமா?”

திருவேங்கடம் தோட்டத்துக்கு ஓடினார். அம்மா அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நடந்ததையெல்லாம் சொன்னார்.

“பொய் சொல்லிட்டேன் அம்மா. பார்த்தார்னா தெரிஞ்சுடும். இதுக்கா இடுப்பை ஒடிச்சுக்கிட்டோம்னு மனசு உடைஞ்சு போயிடுவார். சிக்னல் இல்லைன்னு சொல்லிடட்டுமா?”

அம்மா ஒரு பிஞ்சை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்துக் காயைப் பறித்தார்.

“போன்ல சார்ஜ் இருக்கா?”

“இருக்கு.”

“அப்போ போய்ப் போடுங்க.”

சாப்பாட்டுக்குப் பிறகு திருவேங்கடமும் மாசிலாமணியும் சமையல்கட்டிலேயே உட்கார்ந்தார்கள். அரிசி டின்மேல் போனைச் சாய்த்து வைத்துப் படத்தைப் போட்டார் திருவேங்கடம். அவர் படத்தைப் பார்க்கவில்லை. மாசிலாமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கதாநாயகன் ரயிலைக் கையால் நிறுத்தினான். மாசிலாமணி கண்ணைச் சிமிட்டினார். கிணற்றுக்குள் வில்லன் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். மாசிலாமணி தாடையைச் சொறிந்தார். திருவேங்கடத்துக்கு வியர்த்தது.

இரண்டாம் பாதியில் அந்தக் கட்டடம் வந்தது.

“இதோ சார்,” என்றார் மாசிலாமணி.

நாலாவது மாடியிலிருந்து ஓர் உருவம் சங்கிலியோடு கீழே வந்தது. மூன்று விநாடி இருக்கும். அடுத்த காட்சியில் ஜெயரூபன் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“இன்னொரு தபா போடுங்கோ சார்.”

போட்டார்.

“இன்னொரு தபா.”

மூன்றாவது தடவை மாசிலாமணி விரலால் திரையைத் தொட்டார்.

“எடது கையைப் பாத்தீங்களா சார்? ஜெயரூபன் சாருக்கு எடது கைப் பழக்கம். நான் சோத்துக்கைக்காரன். அவருக்காகவே ஒரு வருசம் எடது கையால சாப்ட்டுப் பழகினேன். கொக்கி நழுவினப்புறம் எந்தக் கையில புடிச்சிருக்கேன் பாருங்கோ. எடது கை.”

திருவேங்கடம் பார்த்தார். நழுவுகிற சங்கிலியில் ஓர் இடது கை. படம் வந்த முதல் வாரமே தியேட்டரில் இதைப் பார்த்தவர்தான். இப்போதுதான் கண்ணில் படுகிறது.

படம் முடிந்தது. போனின் திரை தானாக அணைந்தது.

“சார்.”

“சொல்லுங்க.”

“படம் நல்லாவே இல்லியே சார்.”

திருவேங்கடம் அவரைப் பார்த்தார். மாசிலாமணியின் உதடு துடித்தது. அழுகை வரப்போகிறது என்று பயந்தார். வந்தது அழுகையில்லை.

“அந்த வில்லன் எதுக்கு சார் கெணத்துக்குள்ள ஆபீஸு வெச்சினுகீறான்?”

அவ்வளவுதான். திருவேங்கடத்துக்கு அடிவயிற்றிலிருந்து பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு.

“மழை பெஞ்சா என்ன செய்வான்?”

“பைலெல்லாம் நனைஞ்சிடும் சார்!”

“அந்த ரயில்! மாசிலாமணி, அந்த ரயில்!”

“சிரிக்க வெக்காதீங்கோ சார், இடுப்பு வலிக்குது!”

கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்கள். ஒருவர் நிறுத்தினால் மற்றவர் தொடங்கினார். கடைசியில் மாசிலாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“நல்ல படம்னு என்கிட்ட சொன்னீங்களே சார்?”

“பொய் சொன்னேன்,” என்றார் திருவேங்கடம்.

“தெரியும் சார். நாளைக்கு அந்தப் பாலத்துப் படத்தைப் போடுங்கோ.”

சாயங்காலம் அம்மா வாசலில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். திருவேங்கடம் எதிரில் உட்கார்ந்து, தானும் ஒரு கை காயை அள்ளிக்கொண்டார்.

“அம்மா, அன்னிக்கு நானும் அந்தப் படம் குப்பைன்னுதான் சொன்னேன்.”

“ஆமா.”

“இன்னிக்கு முழுசும் பார்த்துட்டு அவரும் அதைத்தான் சொன்னார்.”

“சரி.”

“அப்போ என் தீர்ப்புல தப்பில்லையே. அன்னிக்கும் இன்னிக்கும் என்ன வித்தியாசம்?”

அம்மா நாரைக் கிள்ளி ஓரமாகப் போட்டார்.

“மத்தியானம் தோட்டம் வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டுது. எது உங்களோடது, எது அவரோடதுன்னு எனக்குத் தெரியலை.”