பசிக்காத ராஜா

வெகு காலத்துக்கு முன்னால் நெடுங்குன்ற நாட்டைத் திருமேனிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நாட்டை ஆண்டதைவிட இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். விடிந்ததும் நெய்ப்பொங்கல், வெயில் ஏறியதும் அதிரசம், மத்தியானம் பெருவிருந்து, அது செரிப்பதற்குள் பாயசம். மடைப்பள்ளி அதிகாரி பூதலிங்கம் தட்டும் கையுமாகப் பின்னாலேயே அலைவார். ராஜா வாயைத் திறப்பது உத்தரவு போடவா, கொட்டாவி விடவா என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை. ஒரு லட்டை வைத்துவிடுவார்.

அந்த வருஷம் திருவிழா ஊர்வலத்துக்கு ராஜா குதிரை ஏறப் போனார். பட்டத்துக் குதிரை அவர் வருவதைப் பார்த்ததும் காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். ராஜாவுக்கு அவமானம் தாங்கவில்லை. அரண்மனை வைத்தியர் சிவக்கொழுந்தைக் கூப்பிட்டு உடம்பு இளைக்க வழி கேட்டார்.

"வழி லேசானதுதான், மகாராஜா. பசி எடுத்த பிறகு சாப்பிடுங்கள்."

"பசி எடுத்தால் எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ராஜா. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

வைத்தியர் விளக்கப் போனார். அதற்குள் பூதலிங்கம் குறுக்கே புகுந்தார். "கேட்டீர்களா மகாராஜா? பசி என்பது பிச்சைக்காரனுக்கு வருவது. இந்த மனுஷர் தங்களையும் அந்த வரிசையில் உட்கார வைக்கிறார்."

ராஜாவின் முகம் சிவந்தது. "இவரைச் சிறையில் போடுங்கள். எனக்கு என்றைக்குப் பசிக்கிறதோ அன்றைக்கு இவர் வெளியே வரட்டும்."

பூதலிங்கத்துக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ராஜாவுக்குப் பசிக்காமல் பார்த்துக்கொள்வதுதானே அவருடைய உத்தியோகம். வைத்தியர் கதை முடிந்தது என்று ஊரே பேசிக்கொண்டது.

அமைச்சர் அறவாணர் வைத்தியருக்காகப் பேசிப் பார்த்தார். ராஜா கையை உயர்த்தினார். "சாப்பாட்டைக் குறை, ஓடு, குதி என்று யார் வாயெடுத்தாலும் அதே சிறைதான். உமக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்." அமைச்சர் வாயை மூடிக்கொண்டார். மூளையை மூடவில்லை.

ஒருநாள் சபையில் பூதலிங்கம் வழக்கம்போல் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். "தங்கள் ஆட்சியில் பசி என்ற பேச்சே கிடையாது, மகாராஜா."

"அப்படித்தான் இருக்கும்," என்றார் அறவாணர். "ஆனால் யாராவது கேட்டுப் பார்த்தார்களா என்றுதான் யோசிக்கிறேன்."

"யார் கேட்க வேண்டும்?" என்றார் ராஜா.

"நம் நாட்டில் குடிசைக்காரன்கூட இலை போடுமுன் வாசலில் வந்து நின்று, 'யாராவது பசியோடு இருக்கிறீர்களா?' என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறான். இருப்பவனுக்கு முதலில் கொடுக்கிறான். தங்கள் வீடு இந்தக் கோட்டை. அதன் வாசல் நாலு."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். குடிசைக்காரன் செய்வதை ராஜா செய்யவில்லை என்று நாலு பேர் பேசினால் நன்றாகவா இருக்கும்? "பல்லக்கைக் கொண்டு வாருங்கள்" என்றார்.

"தாராளமாகப் போகலாம். பல்லக்குத் தூக்குகிறவர்கள் போடும் கூச்சலில் பசித்தவன் குரல் காதில் விழாது, அவ்வளவுதான்."

ஆக, ராஜா நடந்தார். முதல் வாசலுக்குள்ளேயே மூச்சு வாங்கிவிட்டது. பூதலிங்கம் விடுவாரா? ஒரு கூடை நிறைய அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு கூடவே ஓடினார். ஆனால் "யாராவது பசியோடு இருக்கிறீர்களா?" என்று ராஜா உரக்கக் கேட்டதும் ஒரு விறகுக்காரி "நான் இருக்கிறேன் சாமி" என்று வந்து நின்றாள். அவளை வைத்துக்கொண்டு ராஜா எப்படி அதிரசம் தின்பார்? கூடை அவளிடம் போயிற்று.

ஒவ்வொரு முறை இலை போடுமுன்னும் நாலு வாசல் நடக்க வேண்டியிருந்ததால் நொறுக்குத்தீனி வேளைகளை ராஜாவே ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார். ஓர் அதிரசத்துக்காக அவ்வளவு தூரம் நடக்க அவருக்கென்ன பைத்தியமா? இடுப்புக் கச்சை நழுவத் தொடங்கியது. ராஜாவுக்கும் கொஞ்சம் மிஞ்சட்டும் என்று பூதலிங்கம் தூக்கிவந்த கூடை மட்டும் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது.

சந்தை நாள் ஒன்று வந்தது. வெளியூர்க் கூட்டம். மூன்றாவது வாசலுக்குள் கூடை காலி. நாலாவது வாசல் சிறைக்குப் பக்கத்தில் இருந்தது. ராஜா அங்கே நின்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. சிறை ஜன்னலிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"நான் சாப்பிட்டாயிற்று, மகாராஜா. தாங்கள்?"

வைத்தியர் சிவக்கொழுந்துதான். ராஜா கோபிக்க வாயைத் திறந்தார். அதற்குள் 'கடமுடா'வென்று ஒரு சத்தம்.

"இடி இடிக்கிறது, மகாராஜா" என்றார் பூதலிங்கம் அவசரமாக. வானம் வெளுத்துக் கிடந்தது.

"இடி இல்லையப்பா. என் வயிற்றுக்குள் யாரோ கிள்ளுகிறார்கள். கண் இருட்டுகிறது. வைத்தியரே, இது என்ன நோய்?"

"நோய் இல்லை, மகாராஜா. இதற்குப் பெயர்தான் பசி."

ராஜா அப்படியே சிறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். காவலாளி தனக்கு வைத்திருந்த கம்பங்கூழை, உரித்த வெங்காயத்தோடு, பயந்துகொண்டே நீட்டினான். ராஜா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு கலயத்தைக் கீழே வைக்கவேயில்லை.

குடித்து முடித்து ஏறிட்டுப் பார்த்தார். "பூதலிங்கம், இத்தனை வருஷம் எனக்கு நீ சமைத்துப் போட்டாயே. அதில் ஏன் இந்த ருசி இல்லை?"

பூதலிங்கம் காலிக் கூடைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்.

வைத்தியர் வெளியே வந்தார். ராஜா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு தன் முத்துமாலையை அவர் கழுத்தில் போட்டார். அமைச்சர் பக்கம் திரும்பி, "குறைக்கச் சொன்னால் சிறை என்றேனே. நீர் என்ன சொன்னீர்?" என்றார்.

"ஊராரிடம் பசிக்கிறதா என்று கேட்கச் சொன்னேன், மகாராஜா. வேறொன்றும் சொல்லவில்லை."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். குலுங்க முன்போல் அவ்வளவு வயிறு இல்லை. அமைச்சருக்குத் தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பூதலிங்கமும் இனி ராஜாவோடு சேர்ந்து வாசல் வாசலாகப் போய்க் கேட்க வேண்டும், அதை முடித்துத்தான் தானும் சாப்பிட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அடுத்த திருவிழாவில் ராஜா வருவதைப் பார்த்ததும் பட்டத்துக் குதிரை பழைய நினைப்பில் காலை மடக்கப் பார்த்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு நேராக நின்றுகொண்டது. ஊர்வலம் நல்லபடியாக நடந்தது. கதை கேட்ட நீங்கள் பசி எடுத்திருந்தால் போய்ச் சாப்பிடலாம்.