செவலைக்கு வந்த உண்ணி

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே! ஊர் குறைவாகவும் காடு நிறைவாகவும் இருந்த காலம் அது. ஒரு மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் கொம்பையாவும் அவன் மனைவி விருமாயியும் வாழ்ந்தார்கள். சின்னாத்தாள் என்று ஒரே மகள். நடை பழகி ஓடத் தொடங்கிய வயது. காவலுக்குச் செவலை என்று ஒரு நாய்.

ஓநாய் வந்தபோது பட்டியைக் காத்தது செவலை. வெள்ளம் வந்தபோது வழிதவறிய குட்டிகளைக் கூட்டி வந்தது செவலை. தொட்டிலருகே பாம்பு வந்தபோது வீடே எழும்படி குரைத்தது செவலை.

ஒரு வருஷம் பெருமழை ஓய்ந்ததும் புல் இடுப்பளவு வளர்ந்தது. புல்லோடு உண்ணியும் பெருகியது. செவலையின் காதுக்குள்ளும் கழுத்தடியிலும் விரலிடுக்கிலும் ஆமணக்கு விதை போலத் தடித்த உண்ணிகள். நாய் மெலிந்து போயிற்று. பிறகு ஒரு உண்ணி சின்னாத்தாளையும் கடித்தது. கடித்த இடம் வீங்கி, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது.

“நாயைத் துரத்துங்கள்” என்றார்கள் அக்கம்பக்கத்தார். கொம்பையா கயிற்றை எடுத்தான்.

“மலைக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துடறேன். புள்ளையைவிட நாய் பெருசா?”

குழந்தையை மடியில் போட்டபடி விருமாயி சொன்னாள்: “புள்ளைதாங்க பெருசு. ஆனா செவலை போனா, புல்லுல இருக்கற உண்ணியும் கூடவே போயிடுமா? கொஞ்சம் பொறுங்க.”

செவலையை வீட்டுக்கு எட்டத்தில் கட்டி வைத்தாள். கைக்கு அகப்பட்ட உண்ணிகளைப் பிடுங்கினாள். சாம்பல் பூசினாள், மழைத் தூறலில் கரைந்து போனது. புளித்த மோர் தடவினாள், ஈதான் மொய்த்தது. நொச்சிப் புகை போட்டாள்; புகை அடங்கியதும் உண்ணி திரும்பியது. பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நாய் அவள் கையை நக்கிற்று.

மறுநாள் விளக்குக்கு எண்ணெய் வாங்கச் செக்கடிக்குப் போனாள். செக்கு மாட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“அண்ணே, ஊர் மாடெல்லாம் உண்ணியில தவிக்குது. உங்க மாட்டு மேல ஒண்ணுகூட இல்லையே!”

செக்காட்டுபவர் யோசித்தார். “நான் ஒண்ணும் பண்ணலையே தாயி. வேப்பங்கொட்டை ஆட்டின கையை அது முதுகுல துடைப்பேன். அவ்வளவுதான்.”

விருமாயி வேப்பெண்ணெயோடு ஓடி வந்தாள். செவலையின் உடம்பெங்கும் தேய்த்தாள். பட்டியில் வேப்பிலை பரப்பினாள். வீட்டைச் சுற்றியிருந்த புல்லைக் கொம்பையா அறுத்தான். நாளுக்கு நாள் உண்ணிகள் உதிர்ந்தன. குழந்தைக்கும் காய்ச்சல் விட்டது. அதற்குப் பிறகு சின்னாத்தாள் புல்லில் இறங்கும்போதெல்லாம் கணுக்காலில் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவித்தான் அனுப்பினார்கள்.

ஒருநாள் செவலையின் காதுக்குக் கொம்பையாவே எண்ணெய் பூசினான். “உன்னை விட்டுட்டு வந்திருந்தா, இந்த முகத்தை எங்கடா தேடுவேன்?” என்றான்.

நன்றி சொல்ல இருவரும் ஒரு பானைத் தயிரோடு செக்கடிக்குப் போனார்கள். செக்காட்டுபவர் வாங்கவில்லை. “கண்டுபிடிச்சது நீ, காட்டிக் கொடுத்தது மாடு. எனக்கு எதுக்கு?” என்று சிரித்தார். விருமாயி திரும்பிப் போய் ஒரு கட்டுப் பசும்புல் கொண்டுவந்து மாட்டின் முன் வைத்து, அதன் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டாள். மாடு மெல்லத் தலையை ஆட்டி, புல்லைத் தின்னத் தொடங்கியது.

ஆகவே, நம்மைக் காத்த உயிருக்கு நோவு வந்தால் நோவைத்தான் துரத்த வேண்டும், உயிரை அல்ல.