பந்தியில் எழுந்து நின்றவர்

நூல்மில் முதலாளி நஞ்சப்பருக்குத் தாராளமான கை. ஆனால் அந்தக் கை நீளும்போது மேடையும் மைக்கும் கூடவே இருக்க வேண்டும். அது ஒன்றுதான் மனிதரிடம் இருந்த வியாதி.

ஆண்டுதோறும் கல்லூரி திறக்கும் சமயத்தில் கல்யாண மண்டபம் பிடித்து, ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குக் காசோலை கொடுப்பார். அவருடைய விழாவில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறி, தங்கள் வீட்டுக் கஷ்டத்தை மைக்கில் சொல்ல வேண்டும். சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டால் காசோலை. கூட்டத்திலும் பலர் கண்ணைத் துடைப்பார்கள். அன்று நஞ்சப்பருக்கு நல்ல தூக்கம் வரும்.

இந்த ஆண்டு கோகிலவாணி என்றொரு பெண். தறி ஓட்டுபவரின் மகள். நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. மைக் முன்னால் வந்து நின்றாள். கீழே உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கி, அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அவள் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

நஞ்சப்பருக்கு ஊர் முன்னால் மானம் போன மாதிரி இருந்தது. மறுநாள் மத்தியானம் மலையடிவாரத்து மடத்துக்குப் போனார். மடத்தை நடத்துகிற ஞானாம்பிகை அம்மை அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனாலும் அவருக்கு அம்மைதான் குரு.

“திமிருங்கம்மா,” என்றார். “குடுக்கறதுக்குக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன், அந்தப் பிள்ளை வாங்க மாட்டேங்குது. இப்படிப்பட்டவங்களுக்கு எப்படிங்க குடுக்கறது?”

“சாப்பிட்டீங்களாய்யா?”

“இல்லீங்க.”

“பந்தி போட்டாச்சு. போய் உக்காருங்க.”

பந்தியில் லாரிக்காரர்கள், கூலிக்காரர்கள், நஞ்சப்பரின் மில் ஆட்கள் நாலைந்து பேர். இலையில் பொரியல் விழுந்தது. சோற்று வாளியோடு அம்மையே வந்தார். நஞ்சப்பர் இலைக்கு வந்ததும் கரண்டி நின்றுவிட்டது.

“எந்திரிச்சு நில்லுங்கய்யா. இந்நேரம் வரைக்கும் ஏன் சாப்பிடலைன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. அப்புறம் போடறேன்.”

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். அம்மை சிரிக்கவில்லை. நஞ்சப்பர் எழுந்து நின்றார்.

சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. மகன் சண்டை போட்டுக்கொண்டு தனியாகப் போனதிலிருந்து அவர் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிவதில்லை. அன்று காலையும் மனைவி அழுதுகொண்டே படுத்துவிட்டாள். அதை இங்கே, தன் ஆட்கள் காதில் விழச் சொல்வதா? இலையை விட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

“எங்க போறீங்க?”

“பசிக்கலீங்கம்மா.”

“திமிருங்களா?” என்றார் அம்மை, மெதுவாக.

நஞ்சப்பர் நின்றார். வெட்கத்தில் காது வரை சுட்டது. மைக் முன்னால் நின்ற பெண்ணின் முகம் அப்போதுதான் அவருக்குச் சரியாகத் தெரிந்தது. அம்மை அவரை இலைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தார். இலையை மட்டும் பார்த்துச் சோறு போட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து நஞ்சப்பர் கேட்டார்: “அப்ப, நிஜமாவே இல்லாத பிள்ளை யாருன்னு பார்க்க வேண்டாங்களா? ஏமாத்தறவங்களும் வருவாங்களே.”

“நல்லா விசாரிங்க. விசாரிக்க ஒரு ஆள் போதும். ஊரே எதுக்கு?”

திங்கட்கிழமை காலை அவரே கல்லூரிக்குப் போனார். அங்கே ஏழை மாணவர்களுக்கென்று ஓர் உதவி நிதி இருந்தது. கோகிலவாணியின் படிப்பு முடியும் வரை ஆகிற செலவை, விடுதிச் சாப்பாடு உட்பட, அதில் கட்டினார். மண்டபத்துக்கும் மாலைக்கும் வருஷா வருஷம் ஆகிற பணத்தையும் இனி அதிலேயே போடுவதாகச் சொன்னார். எந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்பதை முதல்வரே தனியாகப் பேசித் தெரிந்துகொள்ளட்டும், தன் பெயர் மட்டும் வெளியே வர வேண்டாம் என்றார்.

கல்லூரியிலிருந்து உடனே தறிக்காரருக்குப் போன் போனது. நஞ்சப்பர் காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, அப்பாவும் மகளும் வராந்தாவில் வந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பெரிய முதலாளி அவசர அவசரமாக ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அந்தப் பெண் அப்பாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி போனாள். பார்த்துக்கொண்டிருந்தவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடுதான் மடத்துக்கு வந்தார். வந்ததும் பழைய வியாதி லேசாகத் தலைகாட்டியது.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்கம்மா. ஆனா குடுத்தது யாருன்னு அந்தப் பிள்ளைக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிடுமேங்க?”

“அன்னைக்கு இங்க சாப்பிட்டீங்களே, அந்த அரிசி யாரு குடுத்தது?”

நஞ்சப்பர் யோசித்தார்.

“தெரியலீங்களே.”

“செரிக்காமயா போச்சு?”